உள்தாழ்ப்பாள்

கரமனை,
20.8.2023

அன்புள்ள சுப்புலக்ஷ்மிக்கு மன்னி எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். நீயும் குழந்தை ஸ்ரீலக்ஷ்மியும் சௌக்கியமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இனிமேல் போன் வேண்டாம், கடிதாசு போடு என்று நீ சொன்னது நியாயம்தான். போன வாரம் நாம் பேசும்போது உள்ளே உன் அண்ணா சந்தியாவந்தனம் பண்ணிக்கொண்டிருந்தார். பஞ்சபாத்திரத்தில் உத்தரணி தட்டுகிற சத்தம் போனில் கேட்டு, பக்கத்தில் இருந்த குழந்தை எழுந்துபோய் வாந்தி எடுத்தாள் என்றாய். ஒரு சின்னச் செம்புக் கரண்டி சத்தத்துக்கா என்று முதலில் நினைத்தேன். அப்புறம் நினைக்கவில்லை.

நாம் இரண்டு பேரும் தீர்மானித்தபடியே நடக்கிறது. இரண்டாம் கட்டு அறையில் இருக்கிறார். குளியலறை அதற்குள்ளேயே இருப்பது சௌகரியம். ஜன்னல் ஒன்றுதான், பக்கத்துக் குறுகிய முடுக்கைப் பார்த்து. சாப்பாடு அதன் வழியாகத்தான். சாலைக் கடைத்தெருவில் நல்ல கனமான பித்தளைப் பூட்டாக வாங்கினேன். சாவி என் தாலிக்கொடியில் தொங்குகிறது. "உள்ளே போங்கோ, இனிமே சாகிறவரைக்கும் இதுதான்" என்றேன். தன் தலையணையை எடுத்துக்கொண்டு போய்விட்டார், சுப்பு. ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

ஸ்ரீலக்ஷ்மி வேலை கிடைத்து நம்மாத்தில் தங்க வந்த பெண். எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையைத் தீர்க்க வந்தவள் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவளுக்கு என் வீட்டுக்குள், என் புருஷனால் இப்படி ஆகிவிட்டது. ஜெயிலுக்கு அனுப்பியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? இங்கே ஜெயிலில் சப்பாத்தி சுட்டு ஊருக்கே விற்கிறார்கள், கோழிக்கறியோடு. ஓணத்துக்குப் பாயசம், நடுநடுவில் பரோல். குழந்தை பேர் மட்டும் கோர்ட்டு கோர்ட்டாக நாறும். என் ஜெயிலில் பாயசமும் கிடையாது, பரோலும் கிடையாது.

தெருவுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்தாத்து ஸ்ரீநிவாஸ், "பாங்க் ஸாரைக் காணவே இல்லையே மாமி?" என்று வாசலில் வந்து நின்றான். என்ன சொல்வது? "விரதம் எடுத்துண்டிருக்கார். க்ஷேத்ர சந்நியாசம் மாதிரி. வாசப்படி தாண்ட மாட்டார், பேச மாட்டார்" என்று சொல்லிவைத்தேன். ஒரு க்ஷேத்திரத்தின் எல்லையைச் சாகும்வரை தாண்டுவதில்லை என்று பெரியவர்கள் எடுத்துக்கொள்வார்களே, அது அந்த நேரத்தில் வாயில் வந்தது. கேட்டவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனான். எனக்குச் சிரிப்பு வந்தது, உள்ளே போய் அழுதேன்.

பத்மஜா


பாளையங்கோட்டை,
17.9.2023

மன்னிக்கு நமஸ்காரம். இங்கே இருவரும் சௌக்கியம். உங்கள் முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

கடிதம் படித்து நிம்மதியாக இருந்தது. நீங்கள் பண்ணினதை வேறு எந்த மன்னியும் பண்ணியிருக்க மாட்டாள். தாலி கட்டின புருஷனை விட்டுக்கொடுத்து, சொன்ன பெண்ணை நம்பினீர்கள். அண்ணா என்று எழுதக் கை வரவில்லை. அவர் அழுகிறாரா? எப்போதாவது குழந்தை பேரைச் சொல்லுகிறாரா? எழுதுங்கள். எனக்கு அது தெரிய வேண்டும்.

ஸ்ரீலக்ஷ்மி சௌக்கியம். இங்கேயே ஒரு ஆபீஸில் சேர்ந்துவிட்டாள். காலையில் மட்டும் ஒன்றும் சாப்பிடுவதில்லை. வந்த புதிதில் ஒருநாள் "ஜெயில்ல போடணும்மா" என்றாள். நான் மாமி பார்த்துக்கொள்கிறாள் என்றேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறந்துவருகிறாள் என்று நினைக்கிறேன்.

சுப்புலக்ஷ்மி


கரமனை,
25.11.2023

அன்புள்ள சுப்புவுக்கு ஆசீர்வாதம். துலாமழை விட்டபாடில்லை. ஆற்றில் தண்ணீர் ஏறி இறங்கியது. மற்றபடி சௌக்கியம்.

அழுகிறாரா என்று கேட்டாய். இல்லை. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம். அழுவார், அன்றைக்கு எழுதலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இளைக்கக்கூட இல்லை. தாடி வளர்ந்து நெஞ்சைத் தொடுகிறது. முகத்தில் ஒரு பளபளப்பு வந்திருக்கிறது. பாங்கில் இருந்த நாளில் இரத்தக் கொதிப்பு, மூலம் என்று பாடாய்ப் படுத்தினவர். இப்போது ஒரு மாத்திரை கிடையாது. மூன்று வேளை சந்தி, இடையில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவது. நான்தான் காவல்காரி மாதிரி கூடத்தில் பாயைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். கோயிலுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. யார் உள்ளே, யார் வெளியே என்று சில நாள் எனக்கே குழம்புகிறது.

இன்னொரு கூத்து. போன வெள்ளிக்கிழமை ஜன்னல் கம்பிக்கு வெளியே இரண்டு வாழைப்பழமும் ஒரு முழம் பூவும் இருந்தது. ஸ்ரீநிவாஸ் பெண்டாட்டி வைத்தாளாம். எடுத்துக்கொண்டு போ என்றேன். "ஸார் கண்ணைத் திறந்து பாத்தார் மாமி, அதுவே போரும்" என்றாள்.

பத்மஜா


பாளையங்கோட்டை,
9.1.2024

மன்னிக்கு நமஸ்காரம். சௌக்கியம். நீங்களும் சௌக்கியமாக இருக்கவேண்டும்.

பழம், பூ என்று எழுதியிருந்ததைப் படித்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவர் தண்டனையை அனுபவிக்கிறார் என்றல்லவா நான் என் பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறேன்! ஜன்னலைச் சாத்துங்கள். யாரும் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பூட்டு பத்திரமாக இருக்கிறதா? அதை மட்டும் எழுதுங்கள், போதும்.

ஸ்ரீலக்ஷ்மி சௌக்கியம்.

சுப்புலக்ஷ்மி


கரமனை,
30.3.2024

அன்புள்ள சுப்புவுக்கு ஆசீர்வாதம். முட்டிவலி தேவலை. வெயில் இப்போதே கொளுத்துகிறது.

இந்த வருஷம் வடுமாங்காய் நன்றாகக் கிடைத்தது. ஒரு ஜாடி போட்டேன். உனக்கு ஒரு பாட்டில் அனுப்பலாம் என்றால் இந்த வீட்டு உப்பைக் குழந்தை சாப்பிடுவாளோ என்று சந்தேகம் வந்து வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் கொஞ்சம் பேர் வருகிறார்கள். ஜன்னலைச் சாத்தினால் முடுக்கிலேயே உட்கார்ந்து நாமம் சொல்லுகிறார்கள். அதற்குச் சாத்தாமல் இருப்பதே மேல். அறை சுத்தமாக இருக்கிறது. அவர் வெளியே வரவில்லை. அதில் நீ ஒன்றும் கவலைப்பட வேண்டாம்.

பத்மஜா


பாளையங்கோட்டை,
22.4.2024

மன்னிக்கு நமஸ்காரம். சௌக்கியம்.

நான் பூட்டைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் வடுமாங்காயைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

சுப்புலக்ஷ்மி


கரமனை,
18.8.2024

அன்புள்ள சுப்புவுக்கு மன்னி எழுதுவது. நான் சௌக்கியமாக இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பூட்டு இல்லை. மாசி மாதத்திலிருந்தே இல்லை. ஸ்ரீநிவாஸ் ஒருநாள் தண்ணீர்க் குழாய் பார்க்க உள்ளே வந்தவன் பூட்டைப் பார்த்துவிட்டான். "சந்நியாசியை வெளியில பூட்டி வெப்பாளா மாமி? எந்தாது இது, பாவம் கேட்டேளா" என்று கத்தினான். தெருவே கூடிவிட்டது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைச் சொல்லாமல் தாலிக்கொடியிலிருந்து சாவியைக் கழற்றிப் பூட்டைத் திறந்தேன். அவர் உள்ளேயிருந்து ஜாடை காட்டினார், தாழ்ப்பாளை உட்பக்கம் போட்டுக்கொடு என்று. அன்றைக்கே ஆசாரி வந்து போட்டான். அதிலிருந்து மாலை விளக்கு வைத்ததும் உள்ளே தாழ் விழுகிற சத்தம் கேட்கும். அவரே தன்னைப் பூட்டிக்கொள்கிறார் என்று தெருவுக்கு இன்னும் பக்தி. காலையில் அவரே திறக்கிறார். நினைத்தால் வரலாம். வரவில்லை, அவ்வளவுதான். எதற்கு வரவேண்டும்? எல்லாம் ஜன்னலுக்கே வருகிறதே.

நேற்று வந்ததைச் சொல்லுகிறேன். ஸ்ரீநிவாஸின் மூத்த பெண்ணுக்கு வேலைக்கான பரீட்சை. ஆசீர்வாதத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினான். அவர் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டினார். ஒரு வருஷமாக அந்தக் கை வெளியே வந்ததில்லை. அவள் தலையில் வைத்தார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கையை எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்கவில்லை, சுப்பு. வேறொன்றும் நடக்கவில்லை. யார் பார்த்தாலும் ஆசீர்வாதம்தான். ஆனால் அந்தப் பெண் நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அன்று காலையில் காப்பி டம்ளரோடு என் சமையலறை வாசலில் ஸ்ரீலக்ஷ்மி நின்ற முகம் அது. அப்புறம் அவர் திரும்பி உட்கார்ந்து, உத்தரணியால் நிதானமாகத் தட்டினார்.

நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? உடனே பதில் போடு.

பத்மஜா


பாளையங்கோட்டை,
2.9.2024

மன்னிக்கு நமஸ்காரம்.

ஒன்றும் செய்ய வேண்டாம். ஜன்னலுக்குப் பலகை அடித்துவிடுங்கள். ஸார் மௌனத்தில் இன்னொரு படி ஏறிவிட்டார் என்று சொல்லுங்கள், நம்புவார்கள். இப்போது வாயைத் திறந்தால், ஒரு வருஷம் ஏன் சும்மா இருந்தாய் என்று என் பெண்ணைத்தான் கேட்பார்கள். அவளுக்கு இப்போதுதான் ஒரு வரன் வந்திருக்கிறது. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஸ்ரீலக்ஷ்மி சௌக்கியம்.

சுப்புலக்ஷ்மி


பாளையங்கோட்டை,
29.9.2024

மாமிக்கு ஸ்ரீலக்ஷ்மி எழுதுவது. நமஸ்காரம். நான் சௌக்கியம் என்று அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் எழுதியிருக்கிறாள். உங்கள் கடிதங்களும், அம்மா தன் கடிதங்களை முதலில் எழுதிப்பார்த்த தாள்களும் சாமி அலமாரியில் பஞ்சாங்கத்துக்கு அடியில் இருக்கின்றன. ஒளித்துக்கூட வைக்கவில்லை, நான் எடுத்துப் பார்ப்பேன் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பற்றி இப்படித்தானே எழுதிக்கொண்டீர்கள், அதனால் நானும் மெசேஜ் போடாமல் கடிதமே எழுதுகிறேன்.

போன வாரம் ஆபீஸில் மாடம்மாள் அக்கா என்னிடம் போனைக் காட்டினாள். அவள் பெண்ணுக்குக் கல்யாணம் தட்டிக்கொண்டே போகிறது. "நீ திருவனந்தபுரத்துல இருந்தவதான, இந்தச் சாமியத் தெரியுமா? எங்க ரெண்டு பேரையும் ஒருக்கா கூட்டிட்டுப் போயேம்மா" என்றாள். கரமனை மௌன சுவாமி என்று வீடியோ. நம் ஜன்னல். நம் முடுக்கு. யாரோ தம்பூரா சத்தம் சேர்த்திருந்தார்கள். அதையும் தாண்டி உத்தரணி சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் என்னவென்று உங்களுக்குச் சொல்லவே இல்லை. அன்று இரவு மாமா என்னைப் பலாத்காரம் செய்தார். விடிந்ததும் குளித்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சந்தியாவந்தனம் பண்ணினார். ஒன்றுமே நடக்காத மாதிரி. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பலாத்காரம் என்ற வார்த்தை உங்கள் கடிதத்திலும் அம்மா கடிதத்திலும் ஒரு இடத்தில்கூட இல்லை, மாமி. தேடிப் பார்த்தேன்.

நீங்கள் என்னை நம்பினீர்கள். அதற்கு நான் சாகிறவரை நன்றியோடு இருப்பேன். ஆனால் என்ன தண்டனை வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. நான் ஒருதரம் சொன்னேன், அதை அம்மா மறதியில் சேர்த்துவிட்டாள். ஜெயிலுக்குப் போனால் மாமா திருந்துவாரா? எனக்குத் தெரியாது. ஜெயில் போதுமா? அதுவும் தெரியாது. சில நாள் போதாது என்று தோன்றும். சில நாள் அவரைப் பற்றி நினைக்காமல் இருந்தாலே போதும் என்றிருக்கும். ஆனால் நம்மோடு சொந்தமில்லாத ஒருவர், நாலு பேர் நடுவில், இவர் இதைச் செய்தார் என்று உரக்கச் சொல்ல வேண்டும். நீங்கள் கொடுத்த தண்டனைக்கு அந்தச் சத்தமே இல்லை. அதனால்தான் அது விரதமாகிவிட்டது.

நான் புகார் கொடுக்கப் போகிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அழுதுகொண்டிருக்கிறாள். வரனையும் வேண்டாம் என்றுவிட்டேன். நீங்கள் சாட்சி சொல்லுவீர்களா? மாட்டேன் என்றாலும் எழுதுங்கள். அடுத்தாத்து ஸ்ரீநிவாஸ் பெண்ணை அந்த ஜன்னலுக்கு வரவிடாதீர்கள்.

ஸ்ரீலக்ஷ்மி


கரமனை,
12.10.2024

என் செல்லக் குட்டி ஸ்ரீலக்ஷ்மிக்கு மாமியின் ஆசீர்வாதம்.

சொல்லுவேன். எந்தக் கோர்ட்டிலும் சொல்லுவேன். தாலிக்கொடியில் சாவியைத் தொங்கவிட்டதையும் சொல்லுவேன். ஒரு மனுஷனை நீ யார் பூட்டிவைக்க என்று என்னைக் கேட்டால் அதற்கும் தலையைக் கொடுக்கிறேன். அந்த வார்த்தையை நான் இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். என் புருஷன் ஸ்ரீகண்டன் உன்னைப் பலாத்காரம் செய்தார். எழுதிவிட்டேன், பார்.

உன் கடிதம் வந்த அன்றே ஸ்ரீநிவாஸின் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டேன். "மாமி, ஸார் கை..." என்றாள், மேலே சொல்லவில்லை. இனிமேல் வராதே என்றேன். ஏன் என்று கேட்காமல் தலையாட்டினாள்.

ஒன்று சொன்னால் நீ பயப்படக்கூடாது. உன் கடிதம் வந்ததும் சமையலறையில் நின்று படித்தேன். வாய்விட்டுப் படிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. படித்து முடித்து மடித்தபோது உள்ளே உத்தரணி சத்தம் பாதியில் நின்றது. அப்புறம் அந்த அறையிலிருந்து குரல் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் கேட்காத குரல். "குட்டி என்ன எழுதியிருக்கா?" என்றார். பிரியமாய், மழை வருமா என்று கேட்கிற மாதிரி. நான் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்ட ஆரம்பித்தார்.

போலீஸிடம் சொல்லி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லு. முடுக்கில் நிற்க இடம் இருக்காது. நானே தெருவுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொன்ன பொய்யைத்தான் இவர்கள் இத்தனை நாள் கும்பிட்டார்கள். உண்மையை நீ சொல்லிக் கேட்கட்டும். பழைய பூட்டை எண்ணெய் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு விளக்கு வைத்ததும் அவர் உள்ளே தாழ் போடுவார். நான் வெளியே பூட்டுவேன். இரண்டு பக்கமும் பூட்டியிருக்கும்.

உன் மாமி


கரமனை,
10.11.2024

குட்டிக்கு ஆசீர்வாதம். நான் சௌக்கியம். அம்மா இப்போது உன்னோடு பேசுகிறாளா? கொஞ்ச நாளாகும். பேசுவாள்.

அன்றைக்கு நீ அவரை ஏற்றின போலீஸ் ஜீப்புக்குப் பின்னாலேயே பெண் போலீஸோடு ஆட்டோவில் போய்விட்டாய். அப்புறம் இங்கே நடந்ததைச் சொல்லுகிறேன். நீ ஜன்னலுக்கு முன்னால் நின்று அந்த வார்த்தையைச் சொல்லி, "மாமா, தாழை எடுங்கோ" என்றதும் அவர் உடனே எடுத்தாரே, அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. நான் வெளிப்பூட்டைத் திறந்ததும் ஏதோ கல்யாணத்துக்குக் கூப்பிட்ட மாதிரி வெளியே வந்து, செருப்பைத் தேடினார். ஸ்ரீநிவாஸ் பெண் ஓடிவந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அன்றைக்கு இரவு அவள் தன் அப்பாவிடம் எல்லாம் சொன்னாளாம். அவன் மறுநாள் வந்து இந்த வாசலில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். ஆனால் உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. ஜீப் கிளம்பினபோது யாரோ ஒரு பொம்மனாட்டி தரையில் விழுந்து அதற்கு நமஸ்காரம் பண்ணினாள்.

வக்கீல் பத்து வருஷத்துக்குக் குறையாது என்கிறார். போதுமா என்று நீயே கேட்டு நீயே தெரியாது என்றுவிட்டாய். எனக்கும் தெரியாது. அங்கேயும் அவர் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருப்பார். சப்பாத்திகூடச் சுடுவார். ஆனால் அங்கே இவர் எதற்கு வந்தார் என்று எல்லாருக்கும் தெரியும். என் ஜெயிலில் அது ஒன்றுதான் இல்லை. அது இல்லாததால்தான் இன்னொரு பெண் தலையில் அந்தக் கை போய் உட்கார்ந்தது. என் மனசு அதற்கு ஆறவே ஆறாது, குட்டி.

அதற்கப்புறமும் ஒரு வெள்ளிக்கிழமை, காலியான அந்த ஜன்னலில் இரண்டு பழம் இருந்தது. எடுத்துக் கொல்லையில் எறிந்துவிட்டு, நேற்று ஆசாரியைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன். கதவையே கழற்றச் சொன்னேன். பஞ்சபாத்திரத்தையும் உத்தரணியையும் சாலைக் கடைத்தெருவில் பழைய பாத்திரக்காரனிடம் போட்டாயிற்று. திரும்பி வரும்போது கோயிலுக்கும் போய்விட்டு வந்தேன்.

இனிமேல் கடிதாசு வேண்டாம். நீ எனக்குப் போன் பண்ணலாம். விளக்கு வைக்கிற நேரமாகப் பார்த்துப் பண்ணு. நாம் பேசிக்கொண்டே இருக்கும்போது, பின்னால் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று மட்டும் கவனித்துச் சொல்லு. உனக்குக் கேட்காது. கேட்கவில்லை என்று நீ சொன்னால் நான் நம்புவேன். எனக்கு இன்னும் கேட்கிறது.

உன் மாமி
பத்மஜா